மீன் எண்ணெயும் இரண்டு பூனைகளும்

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் மருந்து ஊட்டிப் பார்த்தவர்களே, நீங்களும் என் கட்சிதான். 1950-களில், கன்னடச் சீமையின் அல்சூர் டிஸ்பென்சரி ஒன்றில் நான் பட்ட பாடு இது.

பத்தியம்

முனியம்மாவின் ஐந்து வயது மகள் செல்விக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், புண் ஆறிய பிறகு வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் பூசுவதற்குக் களிம்பும், வைட்டமின் டி-க்காக மீன் எண்ணெயும் எழுதினார். “எலும்புக்கு நல்லது. தோலுக்கும் உதவலாம், பார்ப்போம்” என்றார்.

நான் பாட்டிலை நீட்டியதும் முனியம்மா கையை இழுத்துக்கொண்டாள். “கரப்பானுக்கு மீனே ஆவாதுன்னு புள்ள வாயக் கட்டி வச்சிருக்கேன். நீங்க மீன பாட்டில்ல ஊத்திக் குடுக்கறீங்களே சாமி!”

பூனை

அரை மணி நேரம் பேசி வாங்க வைத்தேன். அந்தப் பெருமையில் ‘தினம் ஒரு ஸ்பூன்’ என்றேனே தவிர, குடிக்க என்று சொல்ல மறந்துவிட்டேன். நம் வீடுகளில் எண்ணெய் என்றால் தேய்க்கத்தானே? பத்து நாள் கழித்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வாடை வந்தது. பின்னால் இரண்டு பூனைகள் வந்தன. புண் அப்படியே இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, முனியம்மாவின் வசவுக்குக் காத்திருந்தேன். செல்வி முந்திக்கொண்டாள். “பூன நக்குனா அரிக்கல மாமா. அதயே எழுதிக் குடு.”

ஆளுக்கு ஒரு ஸ்பூன்

வாயில் ஊற்றிய முதல் ஸ்பூனை என் சட்டையிலேயே துப்பினாள். “பேடா, பேடா!”, வேண்டாம் வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் ஒரே அலறல். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். தினமும் காலையில் டிஸ்பென்சரி வாசல் வெயிலில் அவளுக்கு ஒரு ஸ்பூன், எனக்கு ஒரு ஸ்பூன். பத்து நாளை வீணாக்கியவனுக்கு அது தகுந்த தண்டனைதான். களிம்பையும் முனியம்மா விடாமல் பூசினாள். மழைக்காலம் முடிவதற்குள் புண் காய்ந்து, கழுத்தில் புதுத்தோல் தெரிந்தது. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

ஒரு சாயங்காலம் செல்வி பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்தாள். “என் பெஞ்சில ரெண்டு பேரு குந்துனாங்க மாமா! நாளயிலேந்து நீ தனியா குடி.”

களிம்பா, எண்ணெயா, வெயிலா, எது அவளைக் குணமாக்கியது என்று டாக்டர் கடைசிவரை சொல்லவில்லை. என் எலும்புகள் மட்டும் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கின்றன.