சிவப்புப் பட்டனைத் தாண்டி ஓடியவர்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. காலை ஆறு மணி பத்து நிமிடம். கரையில் ஒன்பது படகுகள் ஐஸுக்காக நின்றன.

2. ஐஸ் உடைக்கும் கிறஷரின் வாயில் ஒரு கட்டி குறுக்காகச் சிக்கியது.

3. கட்டிகளைத் தள்ளிவிடும் வேலையில் இருந்த அன்ரன் அண்ணை, மெசின் ஓட ஓட அதைத் தடியால் குத்தினார். தடி முறிந்தது.

4. கையால் தள்ளினார். கட்டி சட்டென்று இறங்கியது. கையுறையின் நுனி உள்ளே சுழலும் முள்ளுருளையில் மாட்டியது. அவர் கத்தினார்.

5. ஒப்பரேற்றர் ரீகன் அண்ணை பக்கத்தில்தான் நின்றார். கைக்கெட்டும் தூரத்தில், சுவரில், சிவப்பு அவசரப் பட்டன் இருந்தது. அவர் அதைத் தாண்டி ஓடினார்.

6. பின்பக்கம் இருக்கும் சுவிச் அறைக்குப் போய், கிறஷருக்கு மின்சாரம் போகும் பிறேக்கரை இறக்கினார். பிறகு அளந்து பார்த்தேன். முப்பத்தொரு அடி தூரம், நடுவில் ஒரு கதவு.

7. அன்ரன் அண்ணையின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

நான் அந்த ஐஸ் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர். இயந்திரத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இது எனக்கு முதல் விபத்து விசாரணை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ரீகன் அண்ணை, அன்ரன் அண்ணையின் மனைவியுடைய தம்பி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. விசாரணை எந்த முடிவுக்கு வந்தாலும் அது அந்தக் கிணற்றடிக்குப் போய்ச் சேரும் என்பதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

விசாரணை

ரீகன் அண்ணையுடன் மதியம் கதைத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்திருந்தார். சட்டை மாற்றவில்லை.

"அண்ணை, பட்டன் பக்கத்திலைதானே இருந்தது. ஏன் அமத்தேல்லை?"

"தெரியேல்லை மிஸ்."

"அதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "உது அமத்துற பட்டன் இல்லையே மிஸ்."

அவர் சொன்னது அந்த இடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் விளங்கும். வெளியாட்களுக்கு விளக்க வேண்டும்.

தண்ணீரை உறையவைக்கும் எங்கள் கொம்பிறசர் பழையது. கிறஷர் பிறகு வாங்கியது. அதற்குத் தனியாக மின் பனல் போடாமல், இருந்த பனலிலேயே வயரை இழுத்துவிட்டார்கள். ஆகவே சிவப்புப் பட்டனை அமத்தினால் கிறஷர் மட்டும் நிற்காது. கொம்பிறசரும் பம்பும் சேர்ந்து நிற்கும். கொம்பிறசரைத் திரும்ப ஓடவைக்க ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை இதேபோல் கட்டி சிக்கியபோது ரீகன் அண்ணை பட்டனை அமத்தினார். எல்லாம் நின்றது. படகுகள் ஐஸ் இல்லாமல் போயின. மனேஜர் எல்லோருக்கும் முன்னால் வைத்து அவரை ஏசினார். இரண்டு கிழமை ஒப்பரேற்றர் வேலையில் இருந்து எடுத்து நிலம் கழுவ விட்டார்.

அடுத்த நாள் யாரோ ஒரு வெறும் யோகட் கப்பைப் பட்டனுக்கு மேல் கவிழ்த்து ஒட்டுநாடா போட்டு ஒட்டினார்கள். தெரியாமல் முழங்கை பட்டுவிடக் கூடாது என்பதற்காக. அன்றில் இருந்து புதிதாக வேலைக்கு வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் விசயம், "கப்பிலை மட்டும் கை வைச்சிடாதை" என்பதுதான். கட்டி சிக்கினால் தடியால் குத்த வேண்டும். சரிவராவிட்டால் பின்னால் போய்ப் பிறேக்கரை இறக்க வேண்டும். ரீகன் அண்ணை அதைத்தான் செய்தார். அவரால் முடிந்த வேகத்தில் செய்தார்.

எங்களுக்குப் படிப்பித்த முறை எளிது. ஏன் என்று கேட்க வேண்டும். வரும் பதிலைப் பார்த்துத் திரும்ப ஏன் என்று கேட்க வேண்டும். ஓர் ஆளின் பிழை என்பதில் வந்து நிற்கக் கூடாது. நான் அப்படியே கேட்டு எழுதினேன். கை ஏன் உள்ளே போனது? மெசின் ஓடிக்கொண்டிருந்தபடியால். ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் எல்லாம் நிற்கும். ஏன் எல்லாம் நிற்கும்? வயரிங். மூன்று வருடமாக அதை ஏன் ஒருவரும் மாற்றவில்லை? கப் போட்டதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதுகாப்புப் பரிசோதனையில் ஏன் அகப்படவில்லை?

இந்தக் கேள்வியில் நான் வந்தேன். மாதப் பரிசோதனைத் தாளில் 'அவசர நிறுத்தப் பட்டன் உள்ளதா?' என்று ஒரு வரி இருக்கிறது. எட்டு மாதமும் அதற்கு நேரே சரி போட்டிருக்கிறேன். கப்பைப் பார்த்துக்கொண்டுதான் போட்டேன். பட்டன் இருந்தது. தாள் கேட்டது அதை மட்டும்தான்.

அதையும் எழுதினேன். நாலு பக்கம் வந்தது.

மூன்றில் ஒன்று

மனேஜர் நாலு பக்கத்தையும் புரட்டினார்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறீர் பிள்ளை. ஆர் உதை வாசிக்கப்போறது?" தலைமை அலுவலகத்தின் படிவத்தைக் கொம்பியூட்டரில் திறந்து என் பக்கம் திருப்பினார். காரணம் என்ற இடத்தில் மூன்று சொற்கள் விழுந்தன: இயந்திரக் கோளாறு, மனிதத் தவறு, இயற்கை. ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம்.

"இதிலை எது?"

"முதலாவது, சேர். வயரிங் பிழை."

"அப்பிடிப் போட்டா இன்ஸ்பெக்டர் வந்து பாக்குமட்டும் பக்டரியைப் பூட்டி வைக்கோணும். சீசன் நேரம். கரையிலை நிக்கிறவனுக்கு உம்மடை வீட்டுப் பிறிட்ஜிலை இருந்தோ ஐஸ் குடுக்கப்போறீர்?"

"சேர், மூண்டு வருசத்துக்கு முன்னம் நீங்கள் ரீகன் அண்ணையை ஏசினதாலைதான் அவர்..."

"ஏசினனான்தான். சும்மா சும்மா அமத்தாதை எண்டு சொன்னனான். ஆளின்ரை கை உள்ளுக்கை கிடக்கேக்கையும் அமத்தாதை எண்டு சொன்னனானோ?"

அதற்குப் பதில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது. ஆள் கத்துகிற நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் யோசிப்பதில்லை, பழகியதைச் செய்கிறார். அவரைப் பழக்கியது நாங்கள். ஆனால் அந்தப் பதிலை மனேஜரிடம் நான் திரும்பப் போய்ச் சொல்லவில்லை.

நான் எழும்பும்போது அவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "உம்மடை பேரையுமெல்லே எழுதி வைச்சிருக்கிறீர். விசரே உமக்கு? இளம் பிள்ளை. அதை நான் வெட்டிவிடுறன்." அன்பாகத்தான் சொன்னார்.

பின்னேரம் ரீகன் அண்ணை என் மேசைக்கு வந்தார். பூட்டப்போகிறார்கள் என்று கதை பரவியிருந்தது.

"என்ரை பேரைப் போட்டுவிடுங்கோ மிஸ்."

"அண்ணை, அது உங்கடை பிழை இல்லை."

"நான் அமத்தேல்லைத்தானே. பொய்யில்லையே. பூட்டினா சனம் என்னைத்தான் திட்டும். அத்தானுக்கு எல்லாம் விளங்கும்."

மனிதத் தவறு என்பதைத் தெரிவு செய்தேன். ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது. அவசரப் பட்டன் இயங்கு நிலையில் இருந்தது. ஒப்பரேற்றர் அதைப் பயன்படுத்தவில்லை. மறுபயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வொரு வரியும் உண்மை. கையெழுத்து வைத்தேன்.

கப்பை நான் கழற்றி எறிந்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த இடத்தில் வேறொன்று ஒட்டியிருந்தது. யாரென்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டு, "மிஸ், நீங்கள் அமத்துவியளோ?" என்று கேட்டார்.

அன்ரன் அண்ணை வீட்டில்

காப்புறுதிப் படிவத்தோடு அறிக்கையின் பிரதி ஒன்றும் அவர் வீட்டுக்குப் போனது. அது எனக்குத் தெரியாது. பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு நான் பார்க்கப் போனபோது, அவருடைய மனைவி அதைக் கையில் வைத்திருந்தார்.

"பக்கத்திலை பட்டன் இருக்க, என்ரை தம்பி அமத்தாமல் ஓடினவனாம். நீங்கள்தானே எழுதினது?"

கப், வயரிங், மூன்று வருடத்துக்கு முந்திய ஏச்சு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியுமோ?"

"ஓம்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார் அன்ரன் அண்ணை. "எல்லாருக்கும் தெரியும். ஆனா நானெண்டா அமத்தியிருப்பன்."

தொழிற்சாலையில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் ஒருவர்கூட அமத்தியதில்லை.

மனைவி பேப்பரை விரித்து என் முன்னால் பிடித்தார். "நீங்கள் இப்ப சொன்னது ஒண்டும் இதிலை இல்லையே மிஸ்."

"இடம் இருக்கேல்லை அக்கா. அந்தப் படிவத்திலை..."

"ஒரு வரிக்கும் இடமில்லையோ?"

அன்ரன் அண்ணைதான் கதையை முடித்தார். "விடும். தடி முறிஞ்சாப் பிறகு கையை வைச்சது நான். அதுவும் எழுதியிருக்கு. எல்லாம் எங்கடை பிழைதான்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஐந்து தடவை ஏன் என்று கேட்கச் சொல்லித் தருவார்கள். கேளுங்கள். அதற்கு முதல், கடைசிப் பதிலை எழுத அவர்கள் தரும் படிவத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். சம்பந்தப்பட்டவர் தானே முன்வந்து தன் பேரைப் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள். நான் இவற்றைப் பிந்தித்தான் அறிந்தேன். அறிந்ததால் ஒன்றும் மாறவில்லை.

இப்போதைய நிலை இது. கிறஷர் ஓடுகிறது. அதற்குத் தனிப் பட்டன் போடும்படி இரண்டு தடவை கோரிக்கை அனுப்பினேன், பதில் இல்லை. அன்ரன் அண்ணை இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். அவருக்கு இன்னும் வேலை இல்லை. ரீகன் அண்ணை மறுபயிற்சிக்கு வரவில்லை. புத்தூரில் ஒரு சீமெந்துக்கல் யார்ட்டில் வேலை செய்கிறார். அக்காவும் தம்பியும் கதைப்பதில்லை. தலைமை அலுவலகப் பதிவில் விசாரணை முடிவுற்றது என்று இருக்கிறது. அதைத் திரும்பத் திறக்கச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.