மூன்றாவது மாடி காலி: கும்பகோணத்தில் ஒரு சின்ன நில அதிர்வு

தை மாதம் மூன்றாவது வாரம், ஒரு சனி ஞாயிறு. கோமதியின் அக்கா மகளுக்குத் திருவிடைமருதூரில் வளைகாப்பு. கோமதி என் மனைவி. இந்த வலைப்பூவை ரொம்ப நாளாகப் படிப்பவர்களுக்கு, ஊட்டிப் பதிவில் குரங்கிடமிருந்து என் கண்ணாடியை மீட்டுக் கொடுத்தவர் என்றால் ஞாபகம் வரும். வளைகாப்பு ஞாயிறு காலை பத்தரைக்கு. அவ்வளவு தூரம் போகிறோம், சனிக்கிழமையே போய்த் தஞ்சாவூர் பெரிய கோயிலையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டது நான். திட்டம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்பதை இருந்தது என்று படித்துக்கொள்ளுங்கள்.

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறி, காலை ஐந்தே முக்காலுக்குத் தஞ்சாவூர். ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாளுக்குக் கார் பேசினோம். ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய், டீசல் உட்பட. டிரைவர் பெயர் புகழேந்தி, முப்பத்தைந்து வயதுக்குள். அய்யம்பேட்டைப் பக்கம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறாராம், இவர் வண்டி ஓட்டுகிறார். பெரிய கோயிலை ஏழு மணிக்கே பார்த்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் சுடுகிறது, தை மாதம் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. கோயில் வாசலில் வளைகாப்புப் பெண்ணுக்கென்று ஒரு தலையாட்டி பொம்மை வாங்கினோம். கடைக்காரர் முந்நூற்றைம்பது சொன்னார், இருநூற்றெண்பதுக்குக் கொடுத்தார். இந்தப் பொம்மையை மறந்துவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் போகலாம். நாங்கள் ஒன்றே முக்கால் மணி நேரம் போனோம். சம்பா அறுவடை சமயம். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப்போகும் லாரிகள் ஒரு பக்கம், சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு வரும் அறுவடை மெஷின் மறு பக்கம். மெஷின் கடக்கும்போது கார் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. “டெல்டால இந்த மாசம் தரையே இப்படித்தான் சார் இருக்கும்” என்றார் புகழேந்தி.

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய லாட்ஜ். மூன்றாவது மாடி, நாளுக்கு ஆயிரத்து இருநூறு. லிப்ட் கிடையாது. கதவுக்கு வெளியே கொண்டி, அதற்கொரு அமுக்குப் பூட்டு, சாவியோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை வில்லை. அறை சுத்தம், வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை.

இங்கே என்னைப் பற்றி ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் நான் இரண்டாவது மாடிப் பொறுப்பாளர். போன வருடம் பேரிடர் பயிற்சி நடந்தபோது எனக்கு ஒரு விசிலும் ஆரஞ்சு நிறச் சட்டையும் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும், “இரண்டாவது மாடி காலி” என்று உரக்கச் சொல்ல வேண்டும், அதுதான் என் வேலை. அன்றிலிருந்து எந்த லாட்ஜில் தங்கினாலும் பெட்டியை வைத்த கையோடு கோமதிக்கு ஒரு வகுப்பு எடுப்பேன். அன்றைக்கும் எடுத்தேன்.

“தரை ஆடினா ஓடக்கூடாது. அந்த மேஜை இருக்கு பாரு, அதுக்கு அடியில உக்காந்துக்கணும். கையில எது கிடைக்குதோ அதால தலையை மூடிக்கணும். இன்னொரு கையால மேஜைக் காலைப் பிடிச்சுக்கணும். ஜன்னல் பக்கம் போகக்கூடாது. ஆட்டம் நிக்கிற வரைக்கும், நான் வந்து சொல்ற வரைக்கும், வெளியே வராதே.”

கோமதி துண்டை உதறிக்கொண்டே, “கும்பகோணத்துல பூகம்பமா? காபி தண்ணியா இருந்தா நீங்கதான் ஆடுவீங்க” என்றாள்.

ஞாயிறு காலை ஏழு பன்னிரண்டு. நேரம் எப்படித் துல்லியமாகத் தெரியும் என்றால், சார்ஜில் போட்ட போனைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி குளியலறையில். மேஜை மேல் பூட்டு, சாவி, பக்கத்தில் பொம்மை. பொம்மை தலையாட்ட ஆரம்பித்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். மின்விசிறி ஓடவில்லை. பிறகு தண்ணீர் டம்ளர் தட்டில் மோதிச் சத்தம் போட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கட்டில், தூளியை யாரோ ஒரு கையால் தள்ளிவிட்ட மாதிரி, இடமும் வலமுமாக அசைந்தது. பத்து விநாடி இருக்குமா, அதுகூட இராது.

நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன், ஒன்றையும் விடாமல். எழுந்தேன். போனைப் பிடுங்கினேன், சார்ஜரும் கூடவே வந்தது. மேஜையிலிருந்து பூட்டையும் சாவியையும் எடுத்தேன். கதவைத் திறந்து வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். கொண்டியைப் போட்டேன். பூட்டை மாட்டி அமுக்கினேன். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவோம். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர்களையும் எனக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக நான் மூன்று முறை இழுப்பவன். அறிவு எங்கே போனாலும் கை தன் வேலையைச் செய்துவிடுகிறது. மூன்றாவது முறை இழுக்கும்போது கட்டடம் ஆடி முடித்திருந்தது. அப்புறம் ஆடியது நான் மட்டும்தான்.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் நிற்கும்போது வேட்டி மடித்துக் கட்டியபடி இருந்தது, அந்த வரைக்கும் அதிர்ஷ்டம். புகழேந்தி எதிரே காருக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். “என்ன சார், சார்ஜரோட?”

“பூகம்பம்.”

“நெல்லு லாரி போயிருக்கும் சார்.”

அதற்குள் இன்னும் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கும் கட்டில் ஆடியிருக்கிறது. மேனேஜர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, “மேல யாராவது இருக்காங்களா? மூணாவது மாடி?” என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். பயிற்சி அப்படி. “மூன்றாவது மாடி காலி. நானே பூட்டிட்டு வந்தேன்.”

அதோடு நிறுத்தினேனா? இல்லை. கூடி நின்றவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தேன். பின்னதிர்வு வரலாம், உடனே மேலே போகாதீர்கள், சிலிண்டரை மூடச் சொல்லுங்கள், சுவருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். எல்லாம் சரியான விஷயங்கள்தான். ஒரு அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பயபக்தியோடு கேட்டார். எனக்கு உற்சாகம் கூடியது.

“சார், கரண்டு கம்பத்துக்கு அடியில நிக்கிறீங்க” என்றார் புகழேந்தி. நகர்ந்தேன். அவர் என் பின்னால் பார்த்தார், லாட்ஜ் வாசலைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

“அம்மா எங்க சார்?”

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில், இடது கையில் உறுத்திக்கொண்டிருந்தது என்ன என்று பார்த்தேன். பித்தளை வில்லை.

மூன்று மாடியையும் எப்படி ஏறினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஐம்பத்து நான்கு படி. புகழேந்தி பின்னாலேயே வந்தார். சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. அவர்தான் வாங்கித் திறந்தார். மணி ஏழு இருபத்தொன்று.

கோமதி மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். தலைமேல் குளியலறையின் சிவப்பு பிளாஸ்டிக் வாளி. ஒரு கை வாளியை அழுத்தியிருந்தது, இன்னொரு கை மேஜைக் காலைப் பிடித்திருந்தது. நான் சொன்னது சொன்னபடி. ஈரக் காலோடு ஓடி வந்ததில் வழுக்கி, வலது முட்டி வீங்கிக் கிடந்தது. வாளியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

இதற்கு நான் சொன்ன பதில்தான், ஓடிப்போனதைவிட மோசம். “கதவு இறுகிடுச்சு கோமதி. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆளைக் கூட்டிட்டு வரத்தான் கீழ போனேன்” என்றேன். திறந்த பூட்டு புகழேந்தியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு, “ஐஸ் வாங்கிட்டு வரவாம்மா, முட்டிக்கு?” என்று கேட்டுவிட்டு, பூட்டைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் ஒன்பது கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். கடலுக்கடியில் எங்கோ தொலைவில் வந்த பெரிய அதிர்வின் வால்தான் அது, எங்கும் சேதமில்லை என்று போனில் செய்தி வந்தது. படித்துக் காட்டினேன். “நல்லதாப் போச்சு” என்றாள் கோமதி.

வளைகாப்பு வீட்டில் பேச்சு முழுக்க அதுதான். என் சகலை, அதாவது கோமதியின் அக்கா கணவர், எட்டு ஏக்கர் சம்பா போட்டிருக்கிறார். அறுவடை மெஷின்தான் வாசல்வரை வந்துவிட்டது என்று நினைத்து, டிரைவரைத் திட்ட வெளியே ஓடினாராம். தெருவில் ஒரு நாய்கூட இல்லையாம். உள்ளே வளையல் தட்டு தானாகக் குலுங்கியதைப் பெண்கள் நல்ல சகுனம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

“கோமதி, முட்டில என்ன?” என்று அக்கா கேட்டாள்.

கோமதி கால் நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “பாத்ரூம்ல வழுக்கிடுச்சுக்கா. கதவு வேற இறுகிப் போச்சு. இவர்தான் மூணு மாடி ஓடி ஆளைக் கூட்டிட்டு வந்து திறந்தார்.”

சகலை என் தோளில் ஒரு அறை அறைந்தார். “விசில் ஊதுற ஆளுன்னு உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கேன் சகலை. வாபஸ் வாங்கிக்கிறேன். ஏய், இவருக்குப் பால்பாயசம் இன்னொரு டம்ளர்.” குடித்தேன். நல்ல பாயசம். பரிசு மேஜையில் எங்கள் பொம்மை, வருகிறவர் போகிறவர் தட்டும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது. பந்தலில் கடைசி வரிசையில் புகழேந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பார் என்று பயந்தேன். அவர் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பும் டிக்கெட் தஞ்சாவூரிலிருந்து. நாலு மணிக்குக் கிளம்பினோம். பாபநாசம் தாண்டி, ஐந்து இருபதுக்கு ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். டீ பன்னிரண்டு ரூபாய், மசால் வடை எட்டு. கோமதியால் இறங்க முடியாததால் டீயைக் கார் ஜன்னலில் கொடுத்தேன். புகழேந்தி தள்ளிப் போய், அறுத்த வயலைப் பார்த்தபடி நின்றுகொண்டார். வந்த வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.

“கதவு இறுகல, கோமதி.”

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். “தெரியும்.”

“எப்படி?”

“மூணு தடவை இழுத்தீங்க. இருபத்தாறு வருஷமாக் கேக்குற சத்தம். பாத்ரூம் வரைக்கும் கேட்டுச்சு.”

“அப்ப ஏன் கத்தல? கதவையாவது தட்டியிருக்கலாமே.”

“நீங்கதான் வந்து சொல்ற வரைக்கும் வெளியே வராதேன்னீங்க.” ஒரு வாய் குடித்தாள். “முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் நேரம் ஆக ஆக, கீழே உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு இருந்துச்சு. இல்லேன்னா இவ்ளோ நேரம் ஆகாதேன்னு.”

கீழே நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் சொன்னேன். கம்பத்தடியில் நின்றதையும் சொன்னேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள்.

“அங்க எல்லார் முன்னாடியும் ஏன் அப்படிச் சொன்ன?”

“என் வீட்டு ஆளுங்ககிட்ட நான் வேற என்னங்க சொல்றது?” டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினாள். “உங்க பிளாக்ல எழுதுவீங்கல்ல. அதுல என்ன எழுதப்போறீங்கன்னு பார்க்கலாம்.”

அதனால்தான் இந்தப் பதிவு. சகலை இதைப் படிப்பார் என்று தெரியும். பாயசத்துக்கு மன்னிக்கவும்.

டெல்டாவுக்குப் போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நிலம் ஆடுவது அங்கே அரிது, நீங்கள் உணர்வது பெரும்பாலும் நெல் லாரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எந்த ஊரிலும் செய்யத் தகுந்தவை உண்டு. அறைக்குப் போனதும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆடும்போது ஓடாதீர்கள், படிக்கட்டில்தான் அதிகம் விழுவோம். மேஜைக்கு அடியில் போய்த் தலையை மூடி, மேஜைக் காலைப் பிடியுங்கள். கட்டிலில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடினால் போதும். நின்ற பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, லிப்டைத் தொடாமல் இறங்கி, சுவர், கம்பம், கோபுரம் எதுவும் மேலே விழ முடியாத வெட்டவெளியில் நில்லுங்கள். காரில் இருந்தால் பாலத்தையும் மரத்தையும் தாண்டி ஓரமாக நிறுத்தி உள்ளேயே இருங்கள். வேதாரண்யம் மாதிரிக் கடலோரத்தில் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால் யார் சொல்வதற்கும் காத்திராமல் கடலை விட்டு மேட்டுப் பக்கம் போய்விடுங்கள். கடைசியாக, கூட வந்தவர்களை எண்ணுங்கள். வாயால் இல்லை, கண்ணால்.

முட்டி வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது. இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது கோமதி எனக்கு முன்னால் இறங்கி, பையைத் தோளில் மாட்டி, வராந்தாவில் நான் பார்க்கும்படி நிற்கிறாள். “பூட்டுங்க” என்கிறாள். பூட்டுகிறேன். ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். இரண்டாவது தடவைக்குக் கை வருவதில்லை.