பக்கத்து அட்டையில் என் குண்டு: பிரிக்பீல்ட்ஸிலிருந்து காப்பார் சாலை வரை

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு அப்பால், காப்பார் சாலையில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் மையத்துக்குப் போய் வந்தேன். எங்கள் கிளப்புக்கும் அந்த ஊர் கிளப்புக்கும் நட்புமுறைப் போட்டி. மூன்று பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குத் திடீரென்று டெங்கிக் காய்ச்சல் வந்துவிட்டதால், ஆள் கணக்குக்கு என்னைச் சேர்த்தார்கள். "அங்கே எப்படிப் போவது?" என்று வாசகர்கள் சிலர் முன்பே கேட்டிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. ஆனால் வழியைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். இது ஏர் பிஸ்டல். மிளகு அளவு ஈயக் குண்டு, பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித அட்டை, அவ்வளவுதான். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வாரம் ஆறு நாள், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதே என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன் கடைக்கு வந்த 'தான்' என்ற சீன அங்கிள், ஓய்வுபெற்ற நில அளவையாளர், சுடுவதற்கென்று தனியாக ஒரு லென்ஸ் கேட்டார். எதற்கு என்று விசாரிக்கப் போய் நானும் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிஸ்டலை நீட்டும்போது கண் அட்டையைப் பார்க்கக் கூடாது. பிஸ்டல் முனையில் இருக்கும் சின்னக் குறியைத்தான் பார்க்க வேண்டும். அட்டை மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஊருக்கெல்லாம் பார்வையைத் தெளிவாக்கிக் கொடுக்கிற எனக்கு, வாரத்தில் ஒரு மணி நேரம் மங்கலாகப் பார்க்க அனுமதி கிடைத்தால் எப்படி இருக்கும்? யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், நானும் ஒன்றும் கேட்க வேண்டாம். எனக்கு அது போதும்.

கிளப்பில் மற்றவர்களுக்கு அது போதாது. வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் புதுப் பிடியின் படம், விசையின் எடை, இத்தாலியிலிருந்து வந்த காலணி, நடுநடுவே யார் எவ்வளவு சுட்டார்கள் என்ற பட்டியல். வீட்டில் திருடன் புகுந்தால் என்ன செய்வது என்று ஒரு வாரம் முழுக்க விவாதம் நடந்தது. நான் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். சுடுவது கிளப்பின் ஏழாம் எண் பிஸ்டலில், அதன் கம்பெனி பெயர்கூட எனக்கு மனதில் நிற்பதில்லை. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சாப்பிடக் கிளம்புவார்கள். நான் "ரயிலுக்கு நேரமாச்சு" என்று நழுவிவிடுவேன். அவர்கள் கல்யாண வீட்டில் அழைப்பில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் மாதிரியே மூன்று வருடம் ஓடியது.

அதனால் இந்தப் போட்டியோடு விலகிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். "வேலைப்பளு காரணமாக..." என்று தொடங்கும் நாலு வரியை முதல் நாளே கைப்பேசியில் தட்டி வைத்திருந்தேன். போட்டி முடிந்ததும் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அன்றைய ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டேன் என்று போதகரிடம் சொல்லியிருந்தேன், காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

இனி வழி. வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஒன்பது நிமிட நடை. காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் போர்ட் கிள்ளான் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். கட்டணம் ஐந்து வெள்ளிக்குள், அதாவது ஐந்து ரிங்கிட்டுக்குள், முடிந்துவிடும், கார்டைத் தட்டினால் போதும். பெண்களுக்கான நடுப்பெட்டியில் தாராளமாக இடம் இருந்தது. பழைய சுங்கை வே பக்கத்துத் தொழிற்சாலைகளைத் தாண்டி, சுபாங் ஜெயா, ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. அங்கிருந்து மையம் பதினாலு கிலோமீட்டர். கிராப் வாடகைக் கார் இருபத்து மூன்று வெள்ளி, இருபத்தைந்து நிமிடம்.

கார் ஓட்டியவர் அறுபது வயது அங்கிள். இடத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, காட்டுப் பன்றி வேட்டைக்கா என்று கேட்டார். காகிதத்தைச் சுடப் போகிறேன் என்றேன். கொஞ்ச தூரம் யோசித்தபடியே ஓட்டினார். "காகிதம் ஒண்ணும் செய்யலையேமா, பாவம்லா," என்றார். அன்று காலை முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான், அவருக்கு என் நன்றி. மையத்தின் நுழைவாயில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அவரே இறங்கி விசாரித்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

உள்ளே எங்கள் குழுத் தலைவர் செல்வா அண்ணன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானில் லோரி வைத்து நடத்துகிறவர், வயது ஐம்பத்திரண்டு. எல்லோரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். வாய் மூடி நான் பார்த்ததில்லை. நானூறு புள்ளிக்கு முந்நூற்று ஐம்பது எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய இரண்டு வருடக் கனவு. அதுவும் குழுவில் எல்லோருக்கும் தெரியும், தினமும் சொல்வார். அவர் எப்போதும் எனக்குப் பக்கத்து இடத்தில்தான் நின்று சுடுவார். அன்றும் எனக்குப் பதினொன்று, அவருக்குப் பன்னிரண்டு. நான் சரியாகச் சுடுகிறேனா என்று கண்காணிக்கத்தான் பக்கத்தில் நிற்கிறார் என்று மூன்று வருடமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒரு அட்டைக்குப் பத்துக் குண்டு, மொத்தம் நாலு அட்டை, ஒன்றே கால் மணி நேரம். முதல் இரண்டு அட்டையும் சுமாராகப் போயின. மூன்றாவதில் எனக்கு நல்ல அமைதி கூடி வந்தது. மின்விசிறிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. ஏழாவது குண்டைச் சுட்டுவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். என் அட்டையில் ஆறு ஓட்டைதான் இருந்தது.

குண்டு எங்கே போனதென்று உடனே தெரிந்துவிட்டது. கையை இறக்கும்போது கவனித்தேன், என் கால் ஒரு சாண் வலப்புறம் திரும்பி நின்றிருந்தது. பத்து மீட்டர் தள்ளி எல்லா அட்டையும் ஒரே மாதிரி மங்கல்தான். நான் செல்வா அண்ணனின் அட்டையைச் சுட்டிருக்கிறேன். இந்தத் தவறைத் துப்பாக்கி சுடுகிறவர்கள் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. அப்படி நடந்தால் அப்போதே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். நான் தூக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இது எப்படி ஓடும் என்று நினைத்துப் பார்த்தேன். மிச்சம் மூன்று குண்டையும் சுட்டு முடித்தேன். நாலாவது அட்டையையும் முடித்தேன். வெட்கக்கேடுதான், மறைக்காமல் எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்து, துப்பாக்கிகளைக் காலி செய்து, கோட்டுக்குப் பின்னால் நகர்ந்த பிறகு ரோஸ்லி அட்டைகளோடு வந்தார். ரோஸ்லி அந்த மையத்தின் மேற்பார்வையாளர், அமைதியான மனிதர். செல்வா அண்ணனின் மூன்றாவது அட்டையில் பதினோரு ஓட்டை இருப்பதாகவும், அவர் ஒரு குண்டு கூடுதலாகச் சுட்டுவிட்டாரோ என்றும் கேட்டார். யாரும் பொறுப்பேற்காவிட்டால் அன்றைய விதிப்படி அந்த அட்டையின் மிக நல்ல குண்டு கழிக்கப்படும். பிறகு என் பக்கம் திரும்பினார். என் அட்டையில் ஒன்பதுதான் தெரிகிறது, ஆனால் ஒன்பதாம் வளையத்தில் ஒரு ஓட்டை கிழிந்தாற்போல் இருக்கிறது, இரண்டு குண்டு அதே வழியில் போயிருக்குமோ என்று கேட்டார். அப்படி நடப்பதும் உண்டு.

நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். எனக்கு ஒன்பது புள்ளி கிடைக்கும், அவர் அட்டையில் ஒரு பத்து போய் ஒரு ஏழு மிஞ்சுவதால் செல்வா அண்ணனுக்கு மூன்று குறையும். கூட்டிக் கழித்தால் எங்கள் குழு இரண்டு புள்ளியில் ஜெயிக்கும். உண்மையைச் சொன்னால் நாலு புள்ளியில் தோற்போம். எதிர்க் குழு ஆட்கள் சுற்றி நின்றார்கள். செல்வா அண்ணனைப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் பத்துத்தான் சுட்டேன். எண்ணித்தான் சுட்டேன்." தான் சொல்வதைத் தானே நம்பாத குரல் அது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, தாங்க முடியவில்லை.

"இத்து சாயா பூஞா," என்றேன் ரோஸ்லியிடம், அது என்னுடையது என்று. பிறகு தமிழில் செல்வா அண்ணனிடம். "ஏழாவது குண்டுண்ணே. அப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன், மன்னிச்சிருங்க."

ரோஸ்லி பேனாவை எடுத்தார். என் அட்டையில் ஒரு சைபர் போட்டார். செல்வா அண்ணன் அட்டையில் விதிப்படி மிக மோசமான குண்டைக் கழித்தார், அது ஒரு ஏழு, என்னுடையதேதான். மிச்சத்தைக் கூட்டினார். மூன்றாவது அட்டைக்கு எண்பத்தாறு. நாலையும் சேர்த்தால் சரியாக முந்நூற்று ஐம்பது. எங்கள் குழுவின் மூன்றாம் ஆளான தான் அங்கிள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்து உறுதிசெய்தார். அதே கையோடு என்னிடம் வந்து, அவரும் முன்பு ஒரே நாளில் இரண்டு முறை பக்கத்து அட்டையைச் சுட்டதாகவும், இரண்டாவது முறை அது நடுவரின் மகனுடையது என்றும் காதில் சொன்னார். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த ஊர் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. வழிமாறிய குண்டு விழுந்த அட்டையில் சுட்டவரும் அட்டைக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். உள்ளறைச் சுவர் முழுக்க அப்படிப்பட்ட அட்டைகள்தான். ஒருவர் பெயரே நாலு இடத்தில் இருந்தது, கேட்டால் அவர்தான் கிளப் தலைவராம். எங்கள் அட்டைக்கு மேல் வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

அன்று ரயிலைச் சாக்குச் சொல்லவில்லை. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லோருமாக ரொட்டி சானாயும், ஆற்றி நுரைத்த தே தாரேக் டீயும் சாப்பிட்டோம். பேச்சு வழக்கம்போல் விசையின் எடைக்குப் போனது. செல்வா அண்ணன் ஏன் சும்மா இருக்கிறேன் என்று கேட்டார். மூன்று வருடம் சொல்லாததைச் சொன்னேன். புள்ளி எனக்கு முக்கியமில்லை, துப்பாக்கி வகைகளும் புரியாது, அந்த ஒரு மணி நேர அமைதிக்காகத்தான் வருகிறேன், அதனால் உங்களோடு ஒட்டாமலே இருக்கிறேன், விலகிவிடலாம் என்றுகூட இருந்தேன் என்றேன்.

"எனக்குச் சும்மா இருக்க வராது, எஸ்தர்," என்றார் செல்வா அண்ணன். "லோரி, ஆளுங்க, போன்... வாய் நிக்காது. மத்தவங்க பக்கத்துல நின்னா ரேஞ்சுலயும் பேசிடுவேன். நீங்க நின்னா பேச மாட்டேன். அதான் எப்பவும் உங்க பக்கத்து லேன் கேட்டு வாங்குறேன். இன்னிக்கு முந்நூத்தி அம்பது அதுலதான் வந்துச்சு லா."

கண் கலங்கிவிட்டது, தே தாரேக் சூடு என்று சமாளித்தேன். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவர் என் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இன்றைக்கும் அந்த வாட்ஸ்அப் பேச்சு எனக்குப் புரியவில்லை, புரிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. தட்டி வைத்திருந்த நாலு வரியை அங்கேயே அழித்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதல்முறை போகிறவர்கள் கிளப் ஆள் ஒருவர் மூலமாகப் போவது நல்லது. விருந்தினருக்கு என்ன அனுமதி என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள். மூடிய காலணி கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் இடைவெளி அதிகம், நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது கிராப் சுலபமாகக் கிடைக்கும், திரும்பும்போது அரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். நின்ற இடத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் காலைப் பாருங்கள், உங்கள் அட்டையின் எண்ணையும் பாருங்கள். தவறி வேறொருவர் அட்டையில் போய்விட்டால் அந்த நொடியே கையைத் தூக்குங்கள். என்னைப் போல ஒன்றரை அட்டை நேரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எனக்குத் திரும்பிப் போக கிராப் கிடைக்கவில்லை. செல்வா அண்ணன்தான் கிள்ளான் ஸ்டேஷன்வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். ஏறியதும் வானொலியை அணைத்தார். கைப்பேசி இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை. காப்பார் சாலை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தன் சாதனையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என்னவோ கோபம் என்று முதலில் பயந்தேன். ஆற்றுப் பாலம் ஏறும்போதுதான், என் அமைதிக்காகத்தான் இந்த மனிதர் பதினாலு கிலோமீட்டரும் வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்று புரிந்தது.

"பேசலாம்ணே," என்றேன். "இது ரேஞ்ச் இல்ல."

"பரவால்ல," என்றார், சாலையைப் பார்த்தபடியே. "நல்லாத்தான் இருக்கு."