ஐந்து பாங்குகளும் ஒரு வரைபடமும்

விலையைக் கேட்டதும், காது மந்தமானவன் போல இன்னொரு தரம் கேட்டேன். அதே விலைதான். இரண்டாம் தரம் கேட்டதற்காக யார் குறைக்கப் போகிறார்கள்?

லெப்டொப்புக்குள் போடும் மெமரித் துண்டு. விரல் நீளம். பச்சை நிறம். கையில் வைத்தால் ஒரு வெற்றிலையின் பாரம்கூட இல்லை. அந்தத் துண்டுக்கு, நாலு வருஷத்துக்கு முன் நான் முழு லெப்டொப்புக்கும் கொடுத்ததில் பாதி!

“போன வருசம் வித்த விலைய மறந்திருங்க சேர்” என்றார் ஷிஃபா. கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எந்த அதிர்ச்சியான செய்தியையும் மழை வரும் என்பது போலச் சொல்லக்கூடியவர். உலகத்தில் எங்கெங்கோ பெரிய பெரிய இயந்திரங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றனவாம்... அதனால் நம் போன்றவர்களின் சின்னப் பெட்டிகளுக்கு வருவது குறைந்துவிட்டதாம். எங்கோ ஒரு யானை தண்ணீர் குடிக்கிறது. நிந்தவூரில் என் வீட்டுக் கிணறு வற்றுகிறது.

வாங்குவதா, விடுவதா?

யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் மகள் ஹஸ்னா நின்றாள். புவியியல் இறுதி ஆண்டு. சாகாமக் குளத்துத் தண்ணீர் எந்த வயற்கண்டத்தை எப்போது எட்டுகிறது என்று ஒரு வரைபடம் செய்கிறாள். ஒரு போகம் முழுக்க வாய்க்கால் வாய்க்காலாக அலைந்து சேர்த்த விபரம். இன்று பின்னேரம் நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் அடுத்த வருஷம்தான். அந்த வரைபடத்தைத் திறந்தால் போதும் — லெப்டொப் மூச்சை நிறுத்திக்கொள்ளும். கடைச் சுவரில் மணி இரண்டரை.

ஒன்றை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டி இரண்டு மாதமாகவே இழுத்துக்கொண்டுதான் கிடந்தது. நான் இந்தப் பத்தியை அடிப்பதும் அதில்தான். ஓர் எழுத்தை அடித்துவிட்டு அது வரும்வரை காத்திருப்பேன்... குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மகள்தான். “இவ்வளவு போட்டோவ அடைஞ்சி வெச்சா எப்பிடி ஓடும்?” என்று தினமும் பாடினேன். ஒரு நாள் பாட்டுத் தாங்காமல் அவள் எல்லாவற்றையும் அழித்தாள். விடுதித் தோழிகள், ஒலுவில் கடற்கரை, கல்யாணம் முடித்துக் கட்டாருக்குப் போன சிநேகிதியின் கடைசிப் பிறந்தநாள். அத்தனையும். கதைக்காமல் அழித்தாள்.

லெப்டொப் ஓர் அங்குலம்கூட வேகமாகவில்லை.

“சரி, போடுங்க” என்றேன் ஷிஃபாவிடம்.

அவர் திருப்புளியை எடுக்கவில்லை. அவசரப்பட வேண்டாம், உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருக்கால் பார்த்துவிட்டுப் போடுவோம் என்றார். எதையோ அழுத்தினார். திரையில் நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. பார்த்தவர் என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“சேர், ஒங்கட வீட்டுல எத்தின பாங்கு சொல்றது?”

எனக்கு விளங்கவில்லை. விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தொழுகை நேரம் காட்டி, நேரம் வந்ததும் பாங்கு சொல்லும் புரோகிராம்கள். ஐந்து! லெப்டொப்பைத் திறந்த கணத்திலிருந்து ஐந்தும் ஒன்றாக எழும்பி, இருக்கிற நாலு ஜீபி மெமரியைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

இறக்கியது யார்? சாட்சாத் நானேதான். ஒவ்வொரு நோன்பு மாதத்துக்கும், நோன்பு பிடிக்கும் ஸஹர் நேரமும் திறக்கும் இஃப்தார் நேரமும் பார்க்கப் புதிதாக ஒன்று. அப்படி நாலு நோன்பு, நாலு புரோகிராம். ஐந்தாவது, ஓதுகிறவரின் குரல் அழகு என்பதற்காக. எங்கள் தெருவுக்கு மூன்று பள்ளிவாசல்களின் பாங்கு கேட்கும். அதனால் ஐந்தின் சத்தத்தையும் மூடி வைத்தேன். ஆனால் கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவது? உள்ளே பாங்கு இருக்கிறதே... துஆ இருக்கிறதே... நம் ஊரில் வட்ஸப்பில் வரும் ஒரு துஆவை அழிக்கவே ஆயிரம் தரம் யோசிக்கிற ஆட்கள் அல்லவா நாம்?

“அப்ப போட்டோ?” என்று கேட்டேன்.

“போட்டோவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சேர். அது கிடக்கிற இடம் வேற. இது வேல செய்யிற இடம்.”

நான் ஹஸ்னாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதுதான் சரி.

நிறுத்தி வைத்தால் போதாதா என்றேன். அப்டேட் ஆகும்போது மறுகா எழும்பும், கழற்றினால்தான் சரி என்றார் ஷிஃபா. முதலாவதில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“நீங்களே அமத்துங்க சேர். என்ட கையால வேணா.”

என் விரல் அந்தரத்தில் நின்றது. வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவிக்கு முழுக் கதையும் சொன்னேன். “மௌலவிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுங்களன்” என்றாள்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மௌலவியின் நம்பரைத் தேடினேன். ஆம், உண்மையாகவே தேடினேன்! அப்போதுதான் ஹஸ்னா வாய் திறந்தாள். கோபமில்லாத, களைத்த குரல்.

“என்ட போட்டோவ அழிக்கச் சொல்லக்குள்ள நீங்க ஆருக்கிட்டயும் கேக்கல்லியே வாப்பா.”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அழுத்தினேன். ‘நிச்சயமாகவா?’ என்று பெட்டி கேட்டது. நிச்சயமாக. ஐந்து தரம் கேட்டது, ஐந்து தரம் சொன்னேன். பாங்கு எங்கும் போய்விடவில்லை. மூன்று பள்ளிவாசலும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. நான்தான் ஊமையாக்கி வைத்த ஒன்றுக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறேன்... அதுவும் என் மகளின் செலவில்.

பெட்டியை ஒருக்கால் அணைத்து மறுபடி இயக்கினார் ஷிஃபா. வரைபடம் திறந்தது. மெதுவாகத்தான். என்றாலும் குளம் வந்தது, வாய்க்கால் வந்தது, கண்டம் கண்டமாக வயல்கள் பச்சையாய் விரிந்தன. மூன்று ஐம்பதுக்கு ஹஸ்னா அனுப்பி முடித்தாள். மெமரியை என்றைக்காவது போடத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கு இந்த விலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஷிஃபா அந்தப் பச்சைத் துண்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு விற்றிருக்கலாம். விற்கவில்லை.

நிந்தவூர் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாத வாப்பாமார் செய்வதையே நானும் செய்தேன். யோசனை சொன்னேன்: தோழிகளிடம் கேட்டால் அந்தப் படங்களை அனுப்ப மாட்டார்களா?

“எப்பயோ கேட்டுட்டன். ரெண்டு பேரு அனுப்பினாங்க. மத்த மூணு பேரும் அழிச்சிட்டாங்களாம்.”

“ஏன்?”

“அவங்கட வாப்பாமாரும் சொன்னாங்களாம்.”