திரும்பி வந்த வெற்றிலை

என் கணவரின் தொடையில் வீக்கம் வந்தபோது, மிளகு மூட்டை தூக்கிய சுளுக்கு என்றே நினைத்தேன். பல்லேபொலையில் எலும்பு முறிவு பார்க்கும் சிங்கள வைத்தியரிடம் வெற்றிலைக் கட்டோடு அழைத்துப் போனேன். வெற்றிலையை வாங்கினால் வைத்தியத்தை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

வீக்கத்தை மெதுவாகத் தொட்டவர், "சும்மா படுத்திருந்தாலும் நோவுதா?" என்று கேட்டார். கணவர் தலையாட்டினார். உடனே, நான் முன்னால் வைத்திருந்த வெற்றிலையை எடுத்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"இது சுளுக்கு இல்ல தங்கச்சி. எண்ணெய் போட்டு உருவவே கூடாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். ஆனாலும் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரே, ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் முடிந்ததும், அபூர்வமான குருத்தெலும்புப் புற்றுநோய் என்றார்கள். "நல்லவேளை, யாரும் உருவல. உருவியிருந்தா பரவியிருக்கும்" என்ற டாக்டர், கட்டியை முழுதாக எடுத்துக் காலையும் காப்பாற்றினார்.

கணவர் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும், மறுபடி வைத்தியரிடம் வெற்றிலை கொண்டுபோனோம்.

"நான் வைத்தியமே பார்க்கலியே" என்று சிரித்தார்.

"அதுக்குத்தான் மாத்தையா" என்று மரியாதையோடு சொன்னேன்.

இந்த முறை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார், நான் வாய்விட்டுக் கேட்காத மன்னிப்பையும் சேர்த்து.