வினையூக்கிக்குப் பொட்டு வைத்த பெரியப்பா

மூடி கழன்ற ஒரு கண்ணாடி ஜாடி. வயிற்றில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் சாமந்தி. சாமி படத்துக்குக் கீழே, ஸ்பேனர்களுக்கும் ஜாக்குக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அந்த ஜாடிக்குள் இருந்தது என் ஆராய்ச்சி.

அப்போது நான் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக வளாகத்தில் வேதியியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சுத்தமான எரிசக்தி என்றதும் எல்லோரும் கூரையில் இருக்கும் சூரியத் தகட்டையும் மின்சாரக் காரையும்தான் காட்டுவார்கள். ஹைட்ரஜன் ஆகட்டும், தாவர எண்ணெய் டீசல் ஆகட்டும், நடுவில் ஒரு வினையூக்கி நின்று காரியத்தை முடுக்கிவிடாமல் ஒன்றும் நடக்காது என்பதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. என்னுடைய வினையூக்கி கெராங் சிப்பியின் ஓடு. கோல சிலாங்கூர் கடலுணவுக் கடைகளின் பின்னால் குவிந்து நாறுகிற ஓடுகளை உலையில் சுட்டால் வெள்ளைப் பொடி கிடைக்கும். பொரித்து மிஞ்சிய எண்ணெயை மெத்தனாலோடும் அந்தப் பொடியோடும் சேர்த்துச் சூடாக்கினால் டீசல் இறங்கும். பொடி கரைந்து தீர்ந்துவிடாது. வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, புக்கிட் பெலிம்பிங்கில் லோரிப் பட்டறை வைத்திருந்தார். ஊர்க் கோயில் தலைவரும் அவர்தான். பெரிய அளவில் செய்து பார்க்க எனக்குப் பட்டறையில் இடம் கொடுத்தார், மூடி போட்ட டிரம் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார், கோயில் அன்னதானத்தில் வடை சுட்ட எண்ணெயையும் கொடுத்தார். அதோடு சும்மா இருந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். "தீராம எப்படிம்மா அது வேல செய்யும்?" என்று தினமும் கேட்பார். கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு வீட்டைச் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். "எந்தத் தரகரு கமிஷன் வாங்காம போனாரு? சும்மா சொல்லாத லா!" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், சாம்பாரில் உப்புக் குறைந்த மாதிரி இன்னொரு கரண்டி பொடியை உள்ளே தள்ளிவிடுவார்.

ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழு நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னது. அவர்கள் கண் முன்னால் எண்ணெய் டீசலாக மாற வேண்டும். இல்லையென்றால் பணம் நின்றுவிடும், என் படிப்பும் அதோடு சரி. அவர்கள் குறித்த நாள் ஆயுத பூசைக்கு மறுநாள். பூசையன்று சாயங்காலம் மெத்தனால் எடுத்து வர நான் வளாகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜாடியில் மட்டும் ஈரம் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

காலையில் வந்து பார்க்கிறேன், பட்டறையில் இருந்த இரும்புக்கெல்லாம் பொட்டு. என் ஜாடிக்கும்தான். போதாததற்கு மூடியைத் திறந்து, மாவிலையால் உள்ளேயும் தெளித்து, விடிய விடியத் திறந்தே வைத்திருக்கிறார். பொடி கட்டி கட்டியாகக் கிடந்தது.

"ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேனே பெரியப்பா!"

"ஈரமா? தீர்த்தம்மா அது!"

மறுபடி சுடலாம் என்றால் உலை வளாகத்தில், குழுவின் கார் வாசலில். இருந்ததை அப்படியே போட்டேன். டீசல் இறங்கவில்லை. ஈரம் சேர்ந்ததால் எண்ணெய் சவர்க்காரமாகி, டிரம்முக்குள் கூழாகத் திரண்டு நின்றது. வந்தவர்களில் ஒருவர் அதைக் கரண்டியால் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பா என்னிடம் "சாமி சித்தம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு பல நாள் பேசவே இல்லை.

பிறகு குழுவின் அதிகாரி அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். பெரியப்பா வேட்டியும் விபூதியுமாக அவர்கள் அலுவலகத்துக்கே போயிருக்கிறார். தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சாமிக்கு டீசல் தெரியாது, எனக்கும் தெரியாது, கெடுத்தது நான், பிள்ளைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கோயில் கூட்டத்தில் மைக் கெட்டுப்போனதைக்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். குழு இன்னொரு நாள் கொடுத்தது.

பட்டறைக்கு ஓடினேன். லோரிக்கு அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. விஷயத்தைச் சொன்னேன். ஒரு நட்டை முறுக்கி முடித்தார். பிறகு அடியிலிருந்து குரல் வந்தது: "பூச வேணாம்மா. ஒரே ஒரு எலுமிச்சம்பழம், ஜாடிக்கு வெளியதான், வச்சிக்கலாமா?"

"கூடாது!" என்று கத்தினேன். அந்த முறை டீசல் இறங்கியது.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இப்போது வேறோர் ஆய்வுக்கூடத்தில், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிற வினையூக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கூட இருப்பவர்கள் நன்றாகப் படித்தவர்கள். தொடாதே என்றால் தொடமாட்டார்கள். ஆனால் காரியம் கெட்டுப்போகிற நாளில் எல்லோரும் கருவியைப் பார்ப்பார்கள், கணினியைப் பார்ப்பார்கள், கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். கெடுத்தது நான் என்று ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே!