ஆக்டேனும் அரைக் கிலோ கற்பூரமும்

இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பூட்டி ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிடம் ஊரே மெக்கானிக் ஆகிவிடும். கையில் கிரீஸ் ஒட்டிய சகோதரர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். வேங்கிக்காலில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு, பெட்ரோலில் ஓடுகிற ஒரே ஒரு லோடு வண்டி கொடுத்த பாடு இது.

பொறுமைக்கு ஒரு நம்பர்

வண்டி, அடி அண்ணாமலை கிராமத்துச் செல்வியுடையது. பழைய வண்டி, சொந்தமாக அவரே ஓட்டுகிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானக் கூடத்துக்கு அரிசி, காய்கறி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிப் போவது அவர் வேலை. இன்ஜின் படுத்துக்கொண்டதில் இரண்டு பௌர்ணமி போய்விட்டது. மூன்றாவதற்கும் வராவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று கூடத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதினோரு நாள் இருந்தது.

புது பிஸ்டன் போட்டு, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அரைத்துச் சமப்படுத்தி, பூட்டிக் கொடுத்தேன். லோடு ஏற்றி மேட்டில் ஏறினால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். விட்டால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். நான் யோசிக்கவே இல்லை, "பெட்ரோல் பத்தலை, ஆக்டேன் ஜாஸ்தி உள்ளதா போடும்மா" என்றேன். ஆக்டேன் என்றால் என்ன என்று கேட்டார். பலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அது தப்பு. உள்ளே பிஸ்டன் போட்டு அமுக்கும்போது, பிளக் தீப்பொறி வைக்கிற வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதற்கான நம்பர் அது. சாதா பெட்ரோல் தொண்ணூற்றொன்று, கொஞ்சம் உசத்தி தொண்ணூற்றைந்து. ஆக, பெட்ரோலின் பொறுமைக்குப் போட்ட மார்க் என்று வைத்துக்கொள் என்று விளக்கினேன். செல்வி பக்கத்தில் நின்ற தன் கணவர் முருகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரை அமுக்கிப் பார்த்தா எவ்ளோ மார்க் வரும் பாய்?"

சாம்பல் வைக்காத சரக்கு

உசத்தி பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை. தேடிப் பிடித்துப் போட்டதில் சத்தம் கொஞ்சம் கம்மியானது, நிற்கவில்லை. மூன்றாம் நாள் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வண்டியே நின்றுவிட்டது. போய் டேங்க் மூடியைத் திறந்தேன். குப்பென்று சாமி அறை வாசனை! பெட்ரோல் பில்டரைக் கழற்றினால் உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது.

முருகன் கிரிவலப் பாதையில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். அரைக் கிலோ கற்பூரத்தை டேங்க்கில் போட்டிருக்கிறார். "கற்பூரம் எரிஞ்சா சாம்பலே நிக்காது பாய். அப்ப இன்ஜின்ல கார்பன் எங்கேர்ந்து புடிக்கும்?" என்று கேட்டார். நல்ல கற்பூரம் பெட்ரோலில் கரைந்தாவது போயிருக்கும், இது என்ன இப்படி அப்பியிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமிக்கு வைக்கிற சரக்கை வண்டிக்குப் போட மனசு வரல பாய், அதான் கலப்படத்துல கொஞ்சம் போட்டேன்."

பாட்டிலில் மீந்தது

டேங்க்கைக் கழுவினேன். அடுத்து என் புத்தி ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலுக்குப் போனது. பெட்ரோலில் ஊற்றினால் நம்பர் ஏறும் என்று போட்டிருந்தது. பாதி ஊற்றியும் சத்தம் அப்படியேதான் இருந்தது. மீதியை அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்த நேரத்தில் ஃபேன் பெல்ட் வாங்க வந்த லாரி டிரைவர் ஒருவர், நல்ல மருந்து போலிருக்கிறது என்று மிச்சத்தைத் தன் லாரியில் கவிழ்த்திருக்கிறார். அது டீசல் லாரி! மறுநாள் காலையில் லாரி இருமியது, வெள்ளையாகப் புகைந்தது, ஸ்டார்ட் ஆவேனா என்றது. டீசலுக்குப் பிளக் கிடையாது, அமுக்கினதும் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். அதைப் போய்ப் பற்றாமல் இருக்கச் சொல்லும் மருந்தை ஊற்றினால் என்ன ஆகும்? டீசலை வடித்துக்கொண்டே திட்டினேன். அவர் காலி பாட்டிலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"லாரி படம் போட்டிருக்குது பாருங்க, படத்தை நம்பித்தானே ஊத்தினேன்!"

செல்விக்கு வந்த கோபம்

பௌர்ணமிக்கு நான்கு நாள். செல்வி வந்தார், உட்காரவில்லை. "பெட்ரோலை மாத்தினீங்க, மருந்து ஊத்தினீங்க. நீங்க பூட்டினதை ஒரு வாட்டி பாத்தீங்களா பாய்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை இன்ஜின் பார்த்தவன் நான், என்னையா கேட்கிறாய் என்று கத்திவிட்டேன். அவர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோபம் ஆறியதும், அவர் சந்தேகம் தப்பென்று நிரூபிக்கத்தான், பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை எடுத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தை எப்போதும் காதால் கேட்டே வைக்கிற ஆள் நான். அதில் எனக்குப் பெருமை வேறு. ஹெட்டை அரைத்ததால் உள்ளே இடம் குறைந்து அமுக்கம் கூடியிருக்கிறது, தீப்பொறி சற்றுத் தாமதமாக விழ வேண்டும். நானோ பழைய கணக்கிலேயே, அதையும் விடச் சீக்கிரமாக வைத்திருந்தேன். தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை நகக்கண் அளவு திருப்பினேன். சாதா பெட்ரோலை ஊற்றி, மணல் மூட்டை ஏற்றி, மேட்டில் விட்டேன். சத்தம் செத்துப் போயிருந்தது. அடி அண்ணாமலைக்கே போய், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். செல்வி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"பெட்ரோல் மேல பழி போட்டா, அது வந்து கேக்கவா போவுது?"

முழு லோடு

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி போக விடமாட்டார்கள், அதற்கு முன்னாலேயே மூன்று நடை அடித்தாக வேண்டும். கடைசி நடைக்கு நானும் ஏறிக்கொண்டேன். முழு லோடு. மேடு வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். செல்வி ஒரு கையால் வண்டியில் ஓடிய பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

கூடத்தில் கடைசி கேன் இறங்கியதும், பொறுப்பாளர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வண்டி மாற்றும் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு நடை ஜாஸ்தியாக வர முடியுமா என்று மட்டும் கேட்டார். செல்வி என்னைக் காட்டினார்.

"கண்டிப்பா வர்றேங்க, அதுவரைக்கும் இவரு வண்டியைத் தொடாம இருந்தா போதும்."

எந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல், எந்த மருந்து என்று கேட்டு இன்றும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், நானும் முதலில் டைமிங் லைட்டைத் தேடி எடுத்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.